எண்ணெயும் எண்ணிக்கையும்

சங்கக் கட்டடத்தின் பின்புறம், குழாயடியை ஒட்டி, ஒரு நீலப் பீப்பாய் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. "ஓட்டல்காரச் சகோதரர்களே, பழைய எண்ணெயை இதில் ஊற்றுங்கள்" என்று அதன் வயிற்றில் எழுதியிருந்த எழுத்து இப்போது தலைகீழாக நிற்கிறது. ஐந்து மாதங்களுக்கு முன் அவ்வளவு ஆர்வத்தோடு தொடங்கிய காரியம் ஏன் நின்றது என்று அன்பர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். சிலர் நேரில் கேட்டார்கள். சிலர் நமது முதுகுக்குப் பின்னால் கேட்டார்கள். இரு சாராருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறோம். பதில் சற்று நீளமானது. கேள்வி பீப்பாயோடு முடிந்துவிடவில்லை என்பதே காரணம்.

நம் சங்கத்து வேனை அறியாதவர் நம்மவரில் குறைவு. இருபது வயதைத் தாண்டிய டீசல் வண்டி. மய்யித்தை வீட்டிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து அடக்கஸ்தலத்துக்கும் கொண்டு செல்வது அதன் முதல் வேலை. மற்ற நேரங்களில், சிறுநீரகக் கோளாறுக்கு வாரம் மூன்று தினம் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் முதியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும். பாலத்தைத் தாண்டிப் பட்டர்வொர்த், புக்கிட் மெர்த்தாஜாம் வரையிலும் போகும். யாரிடமும் கூலி கேட்பதில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரே இரவில் ஏறிற்று. அன்று நம் பொருளாளர் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அதற்குப் பின் விலை ஏறி இறங்கியதுண்டு. பொருளாளரின் கவலை மட்டும் இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் உறுப்பினர் ஒருவரின் மகனான வாலிபர் ஒருவர் நம்மிடம் வந்தார். தகப்பனாருக்கு நாசி கண்டார் கடை. இவர் டீசல் மெக்கானிக். கடையில் கோழியும் மீனும் பொரித்து மிஞ்சிய எண்ணெயிலேயே தம் சொந்த வேனை இரண்டு வருஷமாக ஓட்டி வருவதாகச் சொன்னார். சங்கத்து வேனையும் அவ்விதமே மாற்றித் தருவதாகவும், தம் உழைப்புக்குக் கூலி வேண்டாமென்றும் சொன்னார். நம்பாதவர்களை எண்ணெயடி படிந்த தம் வண்டியண்டை அழைத்துப் போய் விளக்கிக் காட்டினார்.

விஷயம் இதுதான். டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டில் எரிபொருளைப் பனித்துளிபோலப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்கிறது. தாவர எண்ணெயும் அப்படிப் பற்றக்கூடியதே. தொல்லையெல்லாம் அதன் கொழகொழப்பில்தான். டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கொழுப்பாக ஓடும் எண்ணெய், ஊசித்துவாரத்தின் வழியே சிதறாமல் ஒழுகிவிடும். ஒழுகியது முழுவதும் எரியாது. உள்ளே கரி படியும். இதற்கு இரண்டு வழி உண்டு. எண்ணெயோடு மெத்தனாலும் காரச்சோடாவும் சேர்த்து, கிளிசரினைக் கீழே பிரித்து, மேலே நிற்கும் மெல்லிய திரவத்தை எடுத்துக்கொள்வது ஒன்று. பயோடீசல் என்பது அதுவே. எண்ணெயை இருந்தபடி விட்டுவிட்டு வண்டியை மாற்றுவது மற்றொன்று. நம் வாலிபர் இரண்டாவது வழியைப் பிடித்தார். மெத்தனால் கண்ணைக் குருடாக்கும் விஷமாதலால் அதைக் கடையின் பின்கட்டில் வைக்க அவருடைய அத்தா சம்மதிக்கவில்லையாம்.

ஆகவே வேனில் இரண்டு தொட்டிகள். சிறியதில் டீசல், பெரியதில் வடிகட்டித் தண்ணீர் நீக்கிய எண்ணெய். புறப்படுவது டீசலில். இயந்திரம் சூடேறியதும் அதைச் சுற்றிவரும் வெந்நீர் ஒரு குழாய்ச்சுருள் வழியே பெரிய தொட்டிக்குள் ஓடி எண்ணெயை இளக்கும். இளகியபின் ஒரு திருகைத் திருப்பினால் வண்டி எண்ணெய்க்கு மாறிக்கொள்ளும். வண்டியை நிறுத்துவதற்குச் சிறிது தூரம் முன்னதாகவே மறுபடி டீசலுக்குத் திருப்பி, குழாயில் நிற்கும் எண்ணெயை எரித்துத் தீர்த்துவிட வேண்டும். மறந்தால் அது குழாயிலேயே உறைந்துவிடும்.

மறந்தார். அதையும் சொல்லிவிடுகிறோம்.

நமக்கு நம்பிக்கை வரட்டும் என்று நம்மில் நால்வரை ஈப்போவுக்கும், அங்கிருந்து சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கும் அழைத்துப் போனார். பட்டர்வொர்த்தில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, மோட்டார் சைக்கிளில் வந்த மலாய் அன்பர் ஒருவர் சன்னலருகே குனிந்து, உள்ளே என்ன பொரிக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். புகைக்கு வடைச் சட்டியின் வாசனை. வெறும் வயிற்றோடு இந்த வண்டியில் பிரயாணம் செய்வது நோன்பாளிக்குப் பெரும் சோதனையாக இருக்குமென்று அப்போதே குறித்துக்கொண்டோம். வண்டி குறையின்றி ஓடிற்று. தைப்பிங் மழையிலும் ஓடிற்று, மலையிலும் ஏறிற்று. பேச்சு சுவாரஸ்யத்தில், பிரிஞ்சாங்கில் இறங்கும்போது திருகைத் திருப்ப வாலிபர் மறந்துவிட்டார். மலைக்குளிரில் ஓர் இரவு நின்ற வண்டி, சுபுஹுத் தொழுது வந்து பார்க்கையில் முனகியதே தவிரக் கிளம்பவில்லை. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே நெய் உறைந்தாற்போல இருந்தது. எதிரே தேநீர்க் கடையில் ஒரு கெட்டில் வெந்நீர் வாங்கி அதன் மேல் மெல்ல மெல்ல ஊற்றினார். நம்மோடு வந்த பெரியவர், "கோழி பொரித்த எண்ணெயாயிற்றே தம்பி, விடியலில் கூவ வேண்டாமா?" என்றார். அரைமணி நேரம் கழித்துக் கூவிற்று. ஜோர்ஜ் டவுனில் அந்தக் குளிர் ஒருநாளும் வராது என்று வாலிபர் சொன்னது உண்மைதான். ஆயினும் மய்யித்து வண்டி எந்த வேளையிலும் கிளம்பியாக வேண்டிய வண்டி என்பதை அந்த அரைமணி நேரம் நமக்கு நினைவூட்டியது.

இறங்கி வரும் வழியெல்லாம் பழங்கதை. இதொன்றும் புது வித்தையல்ல என்றார் வாலிபர். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக்காட்டியதாம். அந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே பிற்காலத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். பெரியவர் தம் தகப்பனார் காலத்தை எடுத்தார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தபின் பெட்ரோல் ஏது? கார்களின் பின்னே கரியடுப்பைக் கட்டி அந்தப் புகையில் ஓட்டினார்கள். கித்தாப் பாலைக் காய்ச்சி எண்ணெய் இறக்கினார்கள். டீசல் லாரிகளுக்குச் செம்பனை எண்ணெய் போயிற்று. மக்களுக்கோ அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கு தின்று வயிறு வீங்கினார்கள். லாரி எதைக் குடித்ததென்று அன்று யாரும் கேட்டிருக்க முடியாது என்று சொல்லிப் பெரியவர் நிறுத்திக்கொண்டார்.

வீடு திரும்பியபின் இது பற்றி நாம் மேலும் படித்தோம். பெல்ஜியம் நாட்டில் 1937-ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷவான் என்பவர், செம்பனை எண்ணெயை டீசலுக்கு ஈடான திரவமாக மாற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மறு வருஷம் கோடையில் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவேன் நகருக்கும் இடையே அந்தத் திரவத்தில் ஒரு பஸ் ஓடிற்று. நன்றாகவே ஓடியதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த பஸ்ஸில் ஏறி அமர்ந்தவர்கள் புகை குறைவென்று மகிழ்ந்திருக்கலாம். ஆனால் பெல்ஜியத்துக்குச் செம்பனை எண்ணெய் வந்தது அவர்களுடைய குடியேற்ற நாடான காங்கோவிலிருந்து. அங்கே பனங்குலை வெட்டும் வேலைக்குக் கறுப்பின மக்களைக் கட்டாயப்படுத்தினார்கள். விலை சரிந்தபோது கூலியைக் குறைத்தார்கள், வரியைக் குறைக்கவில்லை. 1931-இல் பெண்டே இன மக்கள் எழுந்தபோது நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கு ஏழே வருஷம் கழித்து ஓடியது அந்த பஸ்.

இதை நாம் தூர தேசத்துக் கதையாகப் படித்துத் தள்ள இயலாது. அதே ஆப்பிரிக்க மரம்தான் 1917-இல் சிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில் வியாபாரப் பயிராக நடப்பட்டு இந்நாடெங்கும் பரவிற்று. அதன் அடியில் குலை சுமந்தவர்களில் நம் தமிழ் மக்கள் எத்தனை ஆயிரம் பேர்! இன்று துறைமுகத்தில் கப்பலேறும் எண்ணெயைப் பார்க்கும்போது அதன் நிறம்தான் கண்ணுக்குப் படுகிறது. எந்தக் கை வெட்டியது என்பது படுவதில்லை.

நிர்வாகக் கூட்டத்தில் இவற்றையெல்லாம் வைத்தோம். சாப்பிடும் எண்ணெயை வண்டிக்கு ஊற்றலாமா என்ற கேள்வி முதலில் எழுந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயில் சுமார் 8,000 கலோரி உண்டு. நம் வேன் லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடும். பினாங்கிலிருந்து ஈப்போ சுமார் 160 கிலோமீட்டர். பதினாறு லிட்டர் செலவு. அதாவது ஒரு மனிதனுக்கு இரண்டு மாதம் போதுமான உணவின் சக்தியை, இரண்டு மணி நேரத்தில் புகையாக விட்டுவிட்டு ஈப்போவில் இறங்கிக் காப்பி கேட்கிறோம்! 2007 அக்டோபரில், ஐக்கிய நாடுகள் சபைக்காக உணவுரிமையைக் கவனித்து வந்த ஜீன் ஸீக்லர், விளைநிலத்துப் பயிரை எரிபொருளாக்குவது மனித குலத்துக்கே இழைக்கும் குற்றமென்று கடுமையாகப் பேசினார். ஐந்து வருஷம் அதை நிறுத்தி வைக்கச் சொன்னார். மிகைப்படப் பேசினார் என்பாரும் உண்டு. 2022-இல் நம் அண்டை வீடான இந்தோனேசியாவில், உலகிலேயே அதிகமாகச் செம்பனை எண்ணெய் எடுக்கும் நாட்டில், தாய்மார்கள் ஒரு பொட்டலம் சமையல் எண்ணெய்க்கு வரிசையில் நின்றார்கள். அரசாங்கம் ஏப்ரல் 28 முதல் மே 23 வரை எண்ணெய் ஏற்றுமதியையே தடுத்து வைத்தது. அதே நாட்டில் அதே வேளையில் டீசலில் நூற்றுக்கு முப்பது பங்கு செம்பனை எண்ணெய் கலந்து கொண்டுதான் இருந்தார்கள். இதைப் படித்தபின் ஸீக்லரை மிகைப்படப் பேசியவர் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

ஆனால் கூட்டத்தில் எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. காரணம், நாம் ஊற்றப் போவது புது எண்ணெய் அல்லவே! பொரித்து மிஞ்சியது, யாருடைய வாய்க்கும் போக வேண்டாதது. மிச்சத்தைப் பயன்படுத்துவதில் யார் பங்கையும் நாம் பறிக்கவில்லை, விரயத்தையல்லவா தடுக்கிறோம்? உணவா எரிபொருளா என்று உலகம் அடித்துக்கொள்ளட்டும், நாம் அந்தச் சண்டைக்கு வெளியே நிற்கிறோம் என்று எண்ணினோம். அன்பர்களே, இந்த 'வெளியே நிற்கிறோம்' என்ற நினைப்பில்தான் சறுக்கினோம்.

முதல் இரண்டு மாதங்கள் காரியம் அழகாகவே நடந்தது. உரிமம், அனுமதி முதலியவற்றுக்கு அலைந்தவர் காரியதரிசி, அது தனிக்கதை. சூலியா தெருவிலும் சுற்றிலுமுள்ள கடைகளிலிருந்து எண்ணெய் வந்தது. முன்பெல்லாம் இது சாக்கடைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். அல்லது கறுத்துப் போனதைச் சில்லறை விலைக்கு வாங்கிப் போய் மறுபடி வாணலியில் ஏற்றுவோர் கைக்குப் போகும். திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெய் இருதயத்துக்குக் கேடு என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. இந்தியாவில் 2018 ஜூலை முதல் அதற்கு ஓர் அளவு விதித்து, அளவைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்றே ஆக்கிவிட்டார்கள். நம் பீப்பாய் வந்தபின் சமையற்காரர்கள் எண்ணெயைச் சற்று முன்னதாகவே மாற்றத் தொடங்கினார்கள். ஆக, வண்டிக்கு எண்ணெய் கிடைத்ததோடு சாப்பிடுகிறவர்களுக்கும் நன்மை உண்டாயிற்று. மற்றக் கடைகளின் எண்ணெயும் வாங்கலாமே, பன்றிக் கொழுப்புக் கலந்திருந்தால் என்ன, தின்னப்போவது இயந்திரம்தானே என்று ஒரு கேள்வி எழுந்தது. ஊற்றுகிறவன் கையில் படாதா என்று எதிர்க்கேள்வியும் எழுந்தது. நம்மவர் கடைகளோடு நிறுத்திக்கொண்டபடியால் ஆலிம்களிடம் போக வேண்டிய அவசியம் வரவில்லை.

மூன்றாம் மாதம் ஒருநாள் வாலிபர் ஒரு கண்ணாடிப் புட்டியோடு வந்தார். "மாமா, இதைப் பாருங்கள்" என்று வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். தேன் நிறமாகத் தெளிந்த எண்ணெய். முகர்ந்தால் வாசனையே இல்லை. நெருப்பைக் கண்டிராத எண்ணெய் என்பது தெரிந்தது. எந்தக் கடையிலிருந்து வந்தது என்பதும் தெரிந்தது. நாம் நாற்பது வருஷமாகப் பழகி வரும் ஒருவருடைய கடை. கஞ்சத்தனம் அறியாதவர், ரமலானில் கஞ்சிக் கிடாரத்துக்கு முதல் மூட்டை அரிசி அவருடையதாகத்தான் இருக்கும். அவரிடம் போனோம்.

"என்ன பாய், எண்ணெய் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே! கடையில் பொரியல் குறைந்துவிட்டதா?" என்று கேட்டோம்.

"பொரியல் குறைந்தால் பட்டியலிலும் குறையணுமா?" என்றார் அவர். "வியாபாரம் மந்தம் பாய். போன மாதம் நம்ம கடை முதல் பேராக வந்தது. இந்த மாதம் கடைசியில் வந்தால் பேரப்பிள்ளைகள் கேட்க மாட்டார்களா? அதனால்தான் வீட்டிலிருந்து கொஞ்சம் சேர்த்து ஊற்றினேன்."

"வீட்டிலிருந்தா?"

"ஆமாம், 2 வெள்ளி 50 காசுப் பொட்டலம். பிள்ளைகளை ஆளுக்கொரு கடையாக அனுப்பி வாங்கினேன். அதைக் கடைச் சட்டியில் ஊற்றக் கூடாது, அது வீடுகளுக்கென்று அரசாங்கம் கொடுப்பது, எனக்குத் தெரியாதா? ஒரு சொட்டுக்கூட வியாபாரத்துக்குத் தொட்டதில்லை. மய்யித்து வண்டிக்கென்றுதான் ஊற்றினேன். நன்மைதானே பாய்?"

நமக்கு உடனே பதில் வரவில்லை. அவர் பொய் சொல்கிறவர் அல்லர். அந்தப் பொட்டலத்தில் அமானத் இருக்கிறது, அதைக் கடைக்கு எடுத்தால் பிறர் ஹக்கைத் தின்றதாகும் என்பதை நன்றாக அறிந்தவர். அறிந்திருந்தும், மய்யித்து வண்டி என்றவுடன் அந்த அமானத் அவர் கண்ணை விட்டு மறைந்துவிட்டது. நன்மையின் பெயரால் மறைத்தது யார்? வீடு வந்து சேரும்வரை இதையே யோசித்துக்கொண்டு வந்தோம். பட்டியல் என்று அவர் சொன்னாரே, அந்தச் சொல் காதைக் குடைந்தது.

பட்டியல் நம்முடையது. இந்த இதழின் கடைசிப் பக்கத்தில், 'எண்ணெய் ஈந்தோர்' என்ற தலைப்பில், இன்ன கடை இத்தனை லிட்டர் என்று அதிகம் கொடுத்தவர் முதலாக வரிசைப்படுத்தி இரண்டு மாதம் அச்சிட்டவர்கள் நாமே. நன்றி தெரிவிக்கத்தான் செய்தோம். ஊக்கம் வரட்டுமே என்றும் எண்ணினோம். ஊக்கம் வந்தது. மிச்சத்துக்கு ஏது ஊக்கம்? கடை நடந்தால் மிச்சம் விழும், நடக்காவிட்டால் விழாது. அதற்கு மேல் விழ வேண்டுமென்று ஒருவர் முயன்றால், முயன்ற அளவுக்கு அது மிச்சமல்லாததாகிவிடுகிறது. நாம் எண்ணி வரிசைப்படுத்தியவுடன் அது காணிக்கையாகிவிட்டது. காணிக்கையில் குறை வைக்க நம் பாய்க்கு மனம் வரவில்லை. புது எண்ணெய் பீப்பாய்க்குள் போனதற்கு அவர் கை பாதி, நம் பேனா பாதி.

இதை அவமானமாக எண்ணி எழுதாமல் விட்டுவிடலாம் என்று ஒரு சகோதரர் சொன்னார். நாம் ஒப்பவில்லை. ஏனெனில், நம் பின்கட்டில் நடந்த இதுவேதான் பெரிய அளவில் உலகத்திலும் நடந்திருக்கிறது. 2009-இல் ஐரோப்பியக் கூட்டமைப்பு ஒரு சட்டம் செய்தது. வண்டிகளுக்கான எரிபொருளில் பத்தில் ஒரு பங்கு, மறுபடி மறுபடி விளையக்கூடிய வகையினதாக இருக்க வேண்டும் என்றது. பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து செய்ததானால் அதை ஒன்றுக்கு இரண்டாகக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்றும் சலுகை கொடுத்தது. எண்ணம் நல்லதே. உணவைத் தொடாதே, மிச்சத்தை எடு என்பதற்காகத்தான் அந்த இரட்டைக் கணக்கு. அதன்பின் ஆசியாவிலிருந்து மிச்ச எண்ணெய் கப்பல் கப்பலாகப் போகத் தொடங்கிற்று. மிச்சத்தின் விலை அசலின் விலையைத் தொட்டது, தாண்டவும் செய்தது. நம் நாட்டிலோ, அரசாங்கம் மானியம் கொடுத்து வீடுகளுக்கு விற்கும் புது எண்ணெயைவிடச் சட்டியில் கறுத்த எண்ணெய்க்கு அதிக விலை கிடைக்கும் விந்தை நேர்ந்தது. அப்படியிருக்க, பொட்டலத்தைப் பிரித்து நேரே பீப்பாயில் கவிழ்க்க ஒருவனுக்கு எவ்வளவு நேரமாகும்? நாடு முழுதும் சேகரிக்கக் கூடியதாக மதிப்பிடப்பட்ட அளவைப்போல் மூன்று மடங்கு மிச்ச எண்ணெய் மலேசியாவிலிருந்து ஏற்றுமதியாகிறது என்று ஐரோப்பியச் சுற்றுச்சூழல் அமைப்பொன்று 2024-இல் வெளியிட்டது. 2025 முதல் ஐரோப்பாவில் ஆகாய விமானங்களும் நூற்றுக்கு இரண்டு பங்கு இவ்வகை எரிபொருளைக் கலந்தாக வேண்டும் என்று விதி வந்திருக்கிறபடியால், பீப்பாய்களைத் தேடி வருவோர் இன்னும் பெருகுவரே தவிரக் குறையமாட்டார்.

அங்கே இலாபத்துக்காகச் செய்கிறார்கள், நம் பாய் நன்மைக்காகச் செய்தார் என்ற வித்தியாசம் உண்டு. அது சிறிய வித்தியாசம் அன்று. நிய்யத்தை நாம் இலேசாக எண்ணவில்லை. ஆயினும் பொட்டலம் கிடைக்காமல் கடை கடையாக ஏறி இறங்கும் ஒரு தாய்க்கு, அது யாருடைய நிய்யத்தால் தீர்ந்து போனது என்பதில் என்ன இருக்கிறது?

நிர்வாகக் கூட்டம் மீண்டும் கூடியது. ஒருவர் எண்ணெயின் நிறத்தைப் பார்த்து வாங்குவோம் என்றார். நிறம் வேண்டுமானால் இரண்டு முட்டையைப் பொரித்து நிறமேற்றுவார்கள் என்று வாலிபரே சிரித்துக்கொண்டு சொன்னார். இன்னொருவர், கொடுக்கும் கடைகளுக்குப் பணமே கொடுத்துவிடுவோம் என்றார். பணம் கொடுத்தால் பட்டியலைவிட வேகமாக வேலை செய்யும் என்பது நம் அபிப்பிராயம். மூன்றாமவர், இந்த வம்பே வேண்டாம், பம்பில் டீசல் போடுவோம் என்று முடித்தார். அதைக் கேட்டு வாலிபர் ஒரு விஷயம் சொன்னார். பம்பில் ஊற்றும் டீசலிலும் 2019 முதல் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை டீசல் கலந்தே வருகிறது. 2020-இல் லங்காவியில் இருபது பங்கு வரை கொண்டு போனார்கள். அந்தப் பத்துப் பங்கு மிச்சமும் அன்று. சுத்தமான புது எண்ணெயிலிருந்து செய்தது. "கவிழ்த்து வைத்தால் கை சுத்தமாகிவிடும் என்று நினைக்காதீர்கள் மாமா" என்றார். வயதில் இளையவர் சொன்னாலும் அது நம்மைச் சுட்டது.

நம் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால் இதைச் சொல்வோம். பீப்பாயை நிமிர்த்தலாம். ஆனால் பட்டியல் கூடாது, நன்றி அறிவிப்புக் கூடாது, இத்தனை லிட்டர் வேண்டுமென்ற கேள்வியும் கூடாது. எண்ணெய் வந்தால் ஓட்டுவது, வராவிட்டால் டீசலுக்குக் காசு தேடுவது. அந்தக் காசை எண்ணெயின் பெயரால் அல்லாமல் வெளிப்படையாகச் சந்தாவாகவே கேட்பது. மிச்சத்தை நம்பி வண்டி வைத்தவன், மிச்சம் பெருகாதா என்று ஏங்கத் தொடங்குவான். அந்த ஏக்கம் நமக்கே வந்ததைக் கண்டோம். இரண்டாம் மாதப் பட்டியலில் மொத்த லிட்டர் கூடியதைப் பார்த்து மகிழ்ந்தபோது, அத்தனை எண்ணெயில் எத்தனை கோழி பொரிந்திருக்க வேண்டும், அத்தனை கோழியை இந்த ஊர் தின்றதா என்று ஒரு நிமிஷம் நாம் யோசிக்கவில்லை. பொருளாளர் மட்டும் புருவத்தை உயர்த்தினார். அவரையும் பேசவிடாமல் கைதட்டினோம்.

இதற்குக் கூட்டம் இன்னும் சம்மதிக்கவில்லை. பெயர் போடாவிட்டால் யார் கொடுப்பார் என்கிறார்கள். கொடுக்காவிட்டால் கொடுக்காமற் போகட்டும் என்கிறோம். வாக்குகள் சரிபாதியாக நிற்கின்றன.

நம் பாய் அன்று மாலையே சங்கத்துக்கு வந்தார். தாம் ஊற்றிய பொட்டலங்கள் இருபத்திரண்டு என்று எண்ணிச் சொன்னார். அந்த எண்ணெயைத் திருப்பி எடுக்க முடியுமா என்று கேட்டார். எடுக்க முடியாது, மற்றதோடு கலந்து, அதில் பாதி ஏற்கெனவே எரிந்தும் போயிற்று. மறுநாள் அவர் மானியமில்லாத விலைக்கு எண்ணெய்ப் புட்டிகள் வாங்கி, சங்கத்தின் பட்டியலிலுள்ள விதவைகள் வீடுகளுக்குத் தாமே கொண்டு போய்க் கொடுத்தார். எத்தனை புட்டி என்று நாம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் முதல் ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகக் கூட்டம் மறுபடி கூடுகிறது. உறுப்பினர் எவரும் வந்து தம் கருத்தைச் சொல்லலாம். அதுவரை வேன் பம்பு டீசலில் ஓடும். வாலிபர் தம் சொந்த வேனை அத்தாவின் கடை எண்ணெயிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார். சென்ற வாரம் கடை மூன்று நாள் அடைப்பு. அந்த மூன்று நாளும் அவர் பஸ்ஸில் வேலைக்குப் போனதைப் பார்த்தோம்.